டைல்ஸ், கிரானைட், கண்ணாடி: உடையாமல் வீடு வந்து சேர எந்த வண்டி, எந்த முறை?

1,200 சதுர அடி வீட்டுக்குத் தரை டைல்ஸ் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைடு டைல்ஸ் பெட்டிக்கு நான்கு வரும். ஒரு பெட்டி 15.5 சதுர அடி. வெட்டுக்கும் சேதாரத்துக்கும் 7 சதவீதம் கூட்டினால் 1,284 சதுர அடி, அதாவது 83 பெட்டி. 9 மி.மீ. தடிமன் என்றால் ஒரு பெட்டி ஏறக்குறைய 30 கிலோ. ஆக, இரண்டரை டன். சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் 150 சதுர அடி கிரானைட் சேர்த்தால் இன்னும் 700 கிலோ. வண்டிக்கு போன் போடும் முன் இந்தக் கணக்கு கையில் இருக்கவேண்டும். இது இல்லாமல்தான் பலரும் "ஒரு வண்டி லோடு" என்று சொல்லிவிட்டு, வந்த வண்டியில் அடைத்து ஏற்றுகிறார்கள்.

அடுத்து எண்ணவேண்டியது, ஒவ்வொரு பெட்டியும் எத்தனை முறை கை மாறப்போகிறது என்பது. ஒழுங்காக அடுக்கிக் கட்டிய டைல்ஸ் பெட்டி ஓடுகிற வண்டியில் அவ்வளவு எளிதில் உடைவதில்லை. ஏற்றும்போது பக்கப்பலகையில் மூலை இடிக்கும். இறக்கும்போது சிமெண்ட் தரையில் ஒரு முனை மட்டும் முதலில் பதியும். தெருமுனையில் இறக்கிவைத்து மறுபடி தூக்கும்போது நனைந்த அட்டை கிழியும். கீழே வரும் எல்லா வழிகளையும் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறோம்: கை மாறுவது எங்கே குறைகிறதோ அங்கே உடைவதும் குறையும். வாடகை அதற்குப் பிறகுதான்.

குட்டி யானையா, தோஸ்த்தா, ஐச்சரா?

குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் சுமார் 750 கிலோ தாங்கும். பாடி நீளம் ஏழு அடிக்குச் சற்று மேல், அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. கணக்குப்படி 25 பெட்டி. ஆனால் பின்னால் மூன்று லோடுமேன்கள் ஏறிக்கொண்டால் அவர்களும் சுமைதான். 200 கிலோ போய்விடும், மிஞ்சுவது 18 பெட்டி. 83 பெட்டிக்கு நான்கைந்து நடை. நடைமுறையில் நடப்பது வேறு: 40 பெட்டியை ஏற்றி இரண்டே நடையில் முடிக்கிறார்கள். பின்பட்டை (ஸ்பிரிங்) தட்டையாகிவிடும், ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி நேராகச் சரக்குக்குப் போகும், பிரேக்கும் பிடிக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. இரண்டு நடை வாடகையை மிச்சம் பிடிக்க இவ்வளவு துணியவேண்டியதில்லை. குளியலறைச் சுவர் டைல்ஸ் 20 பெட்டி, ஒரு வாஷ்பேசின், ஒரு கம்மோடு என்ற அளவுக்குக் குட்டி யானை அருமையான வண்டி. எட்டடிச் சந்துக்குள்ளும் வாசல்வரை வந்துவிடும்.

தோஸ்த், பொலிரோ பிக்கப் வகை வண்டிகள் மாடலைப் பொறுத்து ஒன்றேகால் முதல் ஒன்றரை டன், சில அதற்கும் மேல். இதே வீட்டு டைல்ஸுக்கு இரண்டு நடை. பெரும்பாலான வீட்டு வேலைகளுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். சந்து நுழையும், பாடி எட்டடிக்கு மேல் இருப்பதால் நாலடி நீள டைல்ஸ் பெட்டிகளை இரண்டு வரிசையாக நிறுத்தலாம். கடையில் இரண்டு நடை என்றால் முதல் நடையில் ஹால், படுக்கையறைச் சரக்கு, இரண்டாம் நடையில் மற்றவை என்று பிரித்துக்கொள்ளலாம். வீட்டில் இறக்கிவைக்கும் இடமும் அதனால் சீராகும்.

பதினாலு அடி ஐச்சர் லாரி மூன்றரை டன்னுக்கு மேல் தாங்கும். டைல்ஸும் கிரானைட்டும் ஒரே நடையில் வரும். தெரு இருபதடி இருந்து, வாசலில் திரும்ப இடமும் இருந்தால் இதைவிட நல்லது இல்லை. தெரு குறுகலாக இருந்தால் இதைவிட மோசமான தேர்வும் இல்லை. முனையில் நிறுத்திச் சரக்கை இறக்கி, அங்கிருந்து தள்ளுவண்டியிலோ தலைச்சுமையாகவோ கொண்டுபோவது என்றால் ஒரே ஏற்று-இறக்கு இரண்டாகிவிடும். அதற்குத் தோஸ்த்தில் இரண்டு நடை போவதே மேல். சென்னை, கோவை போன்ற நகரங்களில் லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. காலையில் வரவேண்டிய வண்டி ஊருக்கு வெளியே நின்றுவிட்டு இருட்டிய பிறகு வரும். அந்த நேரத்தில் அவசர அவசரமாக இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெரிய வண்டியில் சிறிய சுமை ஏற்றுவதும் தவறு. பாரம் தாங்கவென்று செய்த கனத்த பட்டைகள், பாரம் இல்லாதபோது அமுங்கித் தராது, வண்டி குதிக்கும். நான்கு கண்ணாடி மட்டும் ஏற்றிக்கொண்டு போகும் லாரியைவிட அதே கண்ணாடியோடு அரை வண்டி டைல்ஸும் ஏற்றிய லாரி மெதுவாகக் குலுங்கும். வண்டிக்குள்ளும் இடம் முக்கியம். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதிதான் மிக அதிகமாகத் தூக்கிப்போடும். உடையும் சரக்கு டிரைவர் கேபினை ஒட்டிய முன்பலகையில் சாய்ந்து நிற்கவேண்டும்.

வாடகை வித்தியாசத்தைப் பெரிதாக நினைப்பவர்கள் ஒரு கணக்குப் பாருங்கள். டைல்ஸ் சதுர அடி 60 ரூபாய் என்று வைத்தால் ஒரு பெட்டி 930 ரூபாய். நல்ல வண்டிக்கும் சுமாரான வண்டிக்கும் 1,500 ரூபாய் வித்தியாசம் என்றால் அது இரண்டு பெட்டிக்கும் குறைவு. 83 பெட்டியில் இரண்டு பெட்டி உடைவது ஒன்றும் அதிசயமல்ல.

டைல்ஸ் அடுக்குவதில் செய்யும் தவறுகள்

பெட்டியைப் படுக்கவைக்காதீர்கள், நீளவாக்கில் குத்தாக நிறுத்துங்கள். படுத்திருக்கும் டைல்ஸ் பாடியின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளையப் பார்க்கும். சுட்ட களிமண்ணும் கல்லும் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. நிற்கும் டைல்ஸுக்கு வளையும் திசையில் பாரமே இல்லை. நாலுக்கு இரண்டு அடி, அதற்கும் பெரிய அளவு என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஏற்றும் முன் பாடியைப் பெருக்கச் சொல்லுங்கள். முந்தின நாள் ஜல்லி அடித்த வண்டியில் ஒரே ஒரு முக்கால் இஞ்ச் ஜல்லி கிடந்தால் போதும், அதன்மேல் நிற்கும் பெட்டியின் மொத்தப் பாரமும் அந்தப் புள்ளியில் இறங்கி அடிவிளிம்பு தெறிக்கும். பெருக்கிய பிறகு பிளைவுட் அல்லது பழைய ரப்பர் பாய். மெத்தென்று இருக்கட்டும் என்று மணல் பரப்புகிறார்கள், வேண்டாம். பாலிஷ் முகத்தில் மணல் கீறும், அந்தக் கீறல் தரையில் பதித்த பிறகு வெளிச்சத்தில்தான் தெரியும்.

வரிசைகளுக்கு இடையே இடைவெளி இருக்கக்கூடாது. மிச்சமுள்ள இடத்தை வைக்கோலோ மடித்த சாக்கோ வைத்து இறுக்குங்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மரச்சட்டம் வைத்து ராட்செட் பெல்ட் (கைப்பிடியால் இறுக்கும் பெல்ட்) போடவேண்டும். திடீர் பிரேக்கின்போது சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னே பாயும், வளைவில் 50 சதவீதம் பக்கவாட்டில் தள்ளும் என்பது சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரநிலையின் கணக்கு. ஒரு டன் டைல்ஸ் என்றால் 800 கிலோ தள்ளு. முன்பலகையை ஒட்டி அடுக்கினால் அதைப் பலகை வாங்கிக்கொள்ளும். நடுவில் ஒரு அடி இடம் விட்டு அடுக்கினால் அந்த ஒரு அடியில் வேகம் பிடித்து வந்து மோதும்.

தார்ப்பாய் கட்டாயம், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டுமல்ல. நனைந்த அட்டைப் பெட்டிக்கு அடிப்பாகம் போனதாகவே அர்த்தம். தூக்கினால் அட்டை கையோடு வரும், டைல்ஸ் காலில் விழும். அட்டையின் சாயம் சில பாலிஷ் டைல்ஸில் ஏறிவிட்டால் எளிதில் போகாது.

யார் கொண்டுவருவது: கடையா, நீங்களா, பார்சல் லாரியா?

கடை டெலிவரி என்றால் வாடகை சற்றுக் கூடும். ஆனால் உடைந்தால் யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்கும், அதை முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தால். வண்டியை நீங்கள் பிடித்தால், 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சரக்கை வண்டிக்காரரிடம் ஒப்படைத்ததே உங்களிடம் ஒப்படைத்ததாகக் கொள்ளப்படும். கடைக்காரர் "ஏத்தி விட்டாச்சு" என்று சொல்வதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. ஆகவே பில்லிலேயே "வீட்டில் இறக்கி எண்ணிக்கொடுக்கும்வரை உடைவு கடையைச் சேர்ந்தது, உடைந்ததற்கு அதே பேட்ச் சரக்கு" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரிக்காக வாடகையில் 500 ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

பேட்ச் என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே டிசைன், ஒரே கம்பெனி என்றாலும் ஒவ்வொரு சூளைத் தொகுதிக்கும் நிறத்திலும் அளவிலும் மெல்லிய வேறுபாடு இருக்கும். பெட்டியின் பக்கத்தில் ஷேடு எண், பேட்ச் எண், அளவு எண் அச்சிட்டிருப்பார்கள். உடைந்த மூன்று பெட்டிக்குப் பதிலாக வேறு பேட்ச் வந்தால் ஹாலின் நடுவே அது கட்டம் கட்டித் தெரியும். நல்ல கடைக்காரர் வேலை முடியும்வரை அதே பேட்சில் ஐந்தாறு பெட்டி ஒதுக்கிவைப்பார், கேட்டால்தான் வைப்பார்.

பார்சல் சர்வீஸ் லாரியில் டைல்ஸ் அனுப்புவதை நாங்கள் எந்த நிலையிலும் பரிந்துரைக்கமாட்டோம். கடையிலிருந்து அவர்கள் குடோன், குடோனிலிருந்து பெரிய லாரி, இறங்கும் ஊரில் மறுபடி குடோன், அங்கிருந்து சின்ன வண்டி, பிறகு உங்கள் வீடு. ஒவ்வொரு பெட்டியும் ஆறு முறையாவது தூக்கி வைக்கப்படும். மேலே யாருடைய இரும்புக் குழாய் ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை. ரசீதில் "ஓனர்ஸ் ரிஸ்க்", அதாவது உடைந்தால் உரிமையாளர் பொறுப்பு என்ற முத்திரை இருக்கும். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், சரக்கின் மதிப்பைக் கூட்டி அறிவித்து அதற்குரிய கட்டணம் கட்டாவிட்டால், இழப்பீடு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். குழாய், ஸ்விட்ச் போன்ற உடையாத சாமான்களுக்குப் பார்சல் போதும்.

குடியிருப்புக் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: குஜராத் மோர்பியிலிருந்து முழு லாரி நேரே. சென்னைக்கு ஏறத்தாழ 2,000 கி.மீ. தூரத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம். தொழிற்சாலையில் ஒரு முறை ஏற்றி, வேலை நடக்கும் இடத்தில் ஒரு முறை இறக்குவதால், உள்ளூர் டீலர் குடோன் வழியாக வருவதைவிடக் கை மாறுவது பாதியாகக் குறைகிறது. இருபது டன்னுக்கு மேல் தேவை இருந்து, அந்த லாரி உள்ளே வர வழியும், இறக்கி வைக்கக் கூரையுள்ள இடமும் இருந்தால் இதுவே சிறந்தது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் டீலரிடமே வாங்குங்கள். இ-வே பில் (சரக்கோடு போகவேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) சாதாரணச் சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் வீதம் செல்லும், ஆகவே பத்து நாள் அவகாசம். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் வண்டி எண்ணையும் அதில் மாற்றவேண்டும். மாற்றிய செய்தி உங்களுக்குத் தெரிந்தால் அந்த லோடைத் திறக்கும்போது கூடுதலாகப் பாருங்கள், நடுவழியில் ஒரு ஏற்று-இறக்கு நடந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு இ-வே பில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்தான் வேண்டும்.

காப்பீடு எடுப்பவர்கள் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீட்டில் 'பி' பிரிவு தீ, மோதல், வண்டி கவிழ்வது போன்ற விபத்துகளுக்கு மட்டும். குலுங்கி உடைந்ததற்கு 'ஏ' பிரிவு வேண்டும். அதிலும் பேக்கிங் சரியில்லை என்று தெரிந்தால் பணம் வராது.

கிரானைட்: கடையில் வெட்டுவதா, முழு ஸ்லாபா?

ஆளைக் கொல்லக்கூடிய சரக்கு இது. எடையை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: 18 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு நாலரை கிலோ, 20 மி.மீ. என்றால் ஐந்து கிலோ. ஒன்பதுக்கு ஆறு அடி ஸ்லாப் 54 சதுர அடி; 243 முதல் 270 கிலோ. நான்கு பேர் தூக்கும் பொருளல்ல அது. அதையே கடையில் எட்டுக்கு இரண்டு அடி மேடைப் பலகையாக அறுத்தால் ஒவ்வொன்றும் 72 முதல் 80 கிலோ. இரண்டு பேர் தூக்குவார்கள். நான்கு பேர் பிடிப்பதே சரி. கிரேன் வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவுசெய்வது இந்த அறுப்புதான்.

ஆகவே ஒரு வீட்டுச் சமையல் மேடை, படி, நிலைப்படி என்ற அளவுக்கு, அளவெடுத்துக் கடையிலேயே நேர்வெட்டு முடித்துக் கொண்டுவருவது நல்லது. கிரேன் செலவு இல்லை, வீட்டில் தூசி குறைவு, நோசிங் (முன்விளிம்பு) பாலிஷும் மெஷினில் சுத்தமாக வரும். ஆனால் சிங்க் ஓட்டையை மட்டும் கடையில் போடவிடாதீர்கள். இரண்டடி அகலப் பலகையில் சிங்க் வெட்டியதும் முன்னாலும் பின்னாலும் மிஞ்சுவது இரண்டு, மூன்று அங்குலப் பட்டைகள். எண்பது கிலோ பலகையைத் தூக்கும்போது முழு வளைவும் அந்தப் பட்டைகளில் விழும். உள்மூலையிலிருந்து விரிசல் ஓடும். மேடையில் பலகையை உட்காரவைத்த பிறகு, கீழே தாங்கல் கொடுத்து, அங்கேயே வெட்டுங்கள். கடையில்தான் வெட்டியாகவேண்டும் என்றால், ஓட்டையின் நீளத்தைத் தாண்டி இருபுறமும் ஒரு அடி போகும்படி மரச்சட்டம் வைத்து கிளாம்ப் போட்டு, பொருத்தும்வரை கழற்றாமல் கொண்டுவரவேண்டும்.

வழுவழுப்பாக்கிய நோசிங் விளிம்பு எப்போதும் மேலே இருக்கவேண்டும். சுவரோரம் போகும் கரட்டு விளிம்புதான் கீழே மரக்கட்டையில் நிற்கவேண்டும். இதை மாற்றி நிறுத்தி, பணம் கொடுத்துப் போட்ட நோசிங்கிலேயே சில்லு பெயர்ந்து வரும் பலகைகள் நிறைய.

பெரிய மாளிகை, ஹோட்டல் தளம், அல்லது ரேகை ஒன்றோடொன்று சேரவேண்டிய வெள்ளைக் கல் என்றால் முழு ஸ்லாபாகவே வரவேண்டியிருக்கும். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்திலிருந்தோ பெங்களூரை ஒட்டிய ஜிகனியிலிருந்தோ வரும் லோடுகள் இப்படித்தான் வரும். அப்போது ஏ வடிவ இரும்பு ஸ்டாண்ட் இல்லாத வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். ஸ்டாண்ட் பாடியோடு போல்ட் போட்டு இறுகியிருக்கவேண்டும், சும்மா வைத்திருக்கக்கூடாது. ஸ்லாப் நிமிர்ந்த நிலையிலிருந்து ஐந்து முதல் பத்து டிகிரி சாய்ந்திருக்கவேண்டும்; அதைவிட நிமிர்ந்தால் ஒரு குலுக்கலில் வெளியே விழும், அதிகம் சாய்ந்தால் உள்ளே இருக்கும் ஸ்லாப் மேல் பாரம் ஏறும். அடியில் மரம், தொடும் இடத்தில் ரப்பர், பாலிஷ் முகத்தோடு பாலிஷ் முகம். இரு பக்கமும் சம எண்ணிக்கை. நைலான் பெல்ட் விளிம்பைக் கடக்கும் இடத்தில் மடித்த ரப்பரோ தடித்த அட்டையோ. இல்லாவிட்டால் கல் பெல்ட்டை அறுக்கும், இல்லை பெல்ட் கல்லின் விளிம்பைப் பெயர்க்கும். சங்கிலி வேண்டவே வேண்டாம்.

படுக்கவைத்துக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்பார்கள். 18 மி.மீ. தடிமன் ஒன்பதடி நீளத்தைத் தாங்கவேண்டும். பாடியில் இரண்டு இடத்தில் மேடு இருந்தால் நடுவில் தொங்கும், முதல் வேகத்தடையிலேயே ரேகை வழியாகப் பிளக்கும். நிற்கும்போது அதே பாரத்தைத் தாங்குவது ஆறடி உயரம். ஒன்பதடி ஸ்லாபை ஏழடிக் குட்டி யானையில் பின்னால் நீட்டி ஏற்றுவது உடைவுக்கும் வழி, அபராதத்துக்கும் வழி. அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு வெளியே நீட்டினால் அதற்கும் 20,000 ரூபாய் உண்டு.

விபத்து பெரும்பாலும் இறக்கும்போதுதான் நடக்கிறது. காரணம் மூன்று. ஒன்று, எல்லா பெல்ட்டையும் ஒரேயடியாக அவிழ்த்துவிடுவது. இரண்டு, ஒரு பக்கத்து ஸ்லாப் முழுவதையும் இறக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போவது. பக்கத்துக்கு நான்கு ஸ்லாப் என்றால் ஒரு டன் ஒரே பக்கம் நிற்கும், ஸ்டாண்டோ வண்டியோ சாயும். இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றியே எடுக்கவேண்டும். மூன்று, வண்டியைச் சரிவில் நிறுத்துவது. தரை சமமாக இருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை வைக்கட்டும். ஆட்கள் ஸ்லாபின் இரு ஓரங்களில் நிற்கவேண்டும், அதன் முகத்துக்கு எதிரே யாரும் நிற்கக்கூடாது. அதற்கும் சுவருக்கும் நடுவே நிற்கவே கூடாது. விழத் தொடங்கிய ஸ்லாபைப் பிடிக்கப் போகாதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். 250 கிலோ கல்லை யாராலும் நிறுத்தமுடியாது. கல்லுக்கு விலை உண்டு, கட்டிவிடலாம். சரக்கோடு பாடியில் ஆட்களை உட்காரவைத்து அனுப்புவதும் இதே காரணத்தால் கூடாது. லோடுமேன்கள் தனி வண்டியில் வரட்டும்.

கையா, கிளாம்ப்போடு ஹைட்ராவா, வேக்கம் கப்பா?

ஆளுக்கு ஐம்பது கிலோவுக்குள் என்றால் ஆள்பலம் போதும். ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமைக்கு 55 கிலோவை உச்சவரம்பாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்திருக்கிறது. 800-க்கு 1600 மி.மீ. டைல்ஸ் பெட்டி ஒன்றே 54 கிலோ வரும். அதை ஒருவர் தலையில் ஏற்றுவது முறையல்ல. இரண்டுக்கு இரண்டு பெட்டியைச் சும்மாடு வைத்துத் தலையில் எடுத்துப்போகலாம். நாலடிப் பெட்டியைத் தலையில் படுக்கவைத்தால் ஒவ்வொரு படிக்கும் இரு முனையும் ஆடி ஆடி வளையும், படித் திருப்பத்தில் சுவரில் இடிக்கும். அதை இரண்டு பேர் குத்தாகப் பிடித்துத்தான் கொண்டுபோகவேண்டும். கூலி கூடத்தான் ஆகும், கொடுங்கள். இறக்குகூலி பெட்டிக்கு இவ்வளவு என்று பேசினால் வேகம் கூடும், உடைவும் கூடும். பெரிய டைல்ஸுக்கும் கிரானைட்டுக்கும் நாள் கூலி பேசுவதே நல்லது.

முழு ஸ்லாபுக்கு ஹைட்ரா கிரேனும் கத்தரிப் பிடி கிளாம்ப்பும் வேண்டும். தூக்கத் தூக்க இறுகும் கிளாம்ப் அது. ஒரு முறைக்கு ஒரு ஸ்லாப் மட்டும். கிளாம்ப்பின் ரப்பர் ஈரமில்லாமல் இருக்கவேண்டும், சரியாக நடுவில் பிடிக்கவேண்டும், முனையில் ஒரு கயிறு கட்டி ஒருவர் தள்ளி நின்று திசை திருப்பவேண்டும். தெருவில் மின்கம்பி போனால் கிரேனின் கை (பூம்) அதிலிருந்து பத்தடியாவது விலகியிருக்கவேண்டும், முடியாவிட்டால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஹைட்ராவோ ஐச்சரோ உள்ளே வரும் வழியில் புதிதாகக் கட்டிய சம்ப், செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுவிடுங்கள். மண் மூடிய மூடிமேல் சக்கரம் ஏறினால் சரக்கு, வண்டி, தொட்டி மூன்றும் போகும்.

காற்றை உறிஞ்சி ஒட்டிப் பிடிக்கும் வேக்கம் கப் வழுவழுப்பான காய்ந்த முகத்தில் நன்றாகப் பிடிக்கும். லெதர் ஃபினிஷ், சொரசொரப்பான கல், அறுப்புத் தூசி படிந்த முகம் ஆகியவற்றில் காற்று கசிந்து விட்டுவிடும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, பிறகுதான் ஒட்டவேண்டும். பெரிய டைல்ஸைப் பதிக்கவும் கண்ணாடியைத் திருப்பவும் அது சிறந்த கருவி. முழு கிரானைட் ஸ்லாபை இரண்டு கையடக்கக் கப்பில் தூக்க முயல்வது ஆபத்து.

கண்ணாடிக்குக் கணக்கு எளிது: ஒரு மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. ஏழுக்கு மூன்றடி, 12 மி.மீ. டஃபண்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடிக் கதவு ஏறக்குறைய 58 கிலோ. அதன் முகம் தாங்கும், விளிம்பும் மூலையும் தாங்காது; சிமெண்ட் தரையில் மூலை ஒருமுறை தட்டினால் மொத்தமும் பொடியாகும். டஃபண்ட் கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால் உடைந்தால் புதிதாகச் செய்துதான் வரவேண்டும். ஆகவே அதைக் கண்ணாடிக் கடையின் ரப்பர் ஸ்டாண்ட் வண்டியிலேயே, பொருத்தும் ஆட்களோடு, பொருத்தும் நாளன்றே வரவழையுங்கள். டைல்ஸ் வண்டியில் ஓரமாக வைத்து வரச் சொல்லி மிச்சம் பிடிக்கவேண்டாம்.

இறங்கிய பிறகு

இறக்கும் முன்பே வண்டியில் நிற்கும் சரக்கை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஷேடு, பேட்ச் எண் ஒன்றா என்று பாருங்கள். மூலை நசுங்கிய பெட்டிகளை மட்டுமாவது வண்டிக்காரர் இருக்கும்போதே திறங்கள். டைல்ஸையும் வாஷ்பேசினையும் விரல்கணுவால் தட்டினால் நல்லது கணீரென்று ஒலிக்கும், மயிரிழை விரிசல் இருந்தால் மொத்தென்று கேட்கும். திறக்க நேரமில்லை என்றால் சலானில் "பெட்டிகள் திறந்து பார்க்கப்படவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெறும் கையெழுத்து, எல்லாம் சரியாக வந்தது என்பதற்கான சாட்சி.

அடுக்குமாடியில் லிஃப்டில் ஏற்றுவது வசதிதான். ஆறு பேர் லிஃப்ட் 408 கிலோ தாங்கும். கூட இரண்டு ஆள் போனால் மிஞ்சுவது 272 கிலோ, அதாவது ஒன்பது பெட்டி. எட்டுப் பேர் லிஃப்ட் என்றால் 544 கிலோ, இரண்டு ஆளோடு 13 பெட்டி. பெட்டிகளை லிஃப்டின் ஒரு மூலையில் குவிக்காமல் நடுவில் பரப்பி, அடியில் பிளைவுட் போடுங்கள். மாடிப்படியில் சுமப்பதைவிட இதில் கை மாறுவது கூடும் என்றாலும் தூரம் மிகக் குறையும்; இரண்டாவது மாடிக்கு மேல் லிஃப்டே மேல்.

மாடியில் எங்கே அடுக்குவது என்பதை மேஸ்திரியிடம் விடாமல் இன்ஜினியரிடம் கேளுங்கள். வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ உபயோகப் பாரத்துக்கு வடிவமைக்கப்படுகின்றன. டைல்ஸ் பெட்டி நான்கு செ.மீ. தடிமன், குத்தாக நிறுத்தினால் ஒரு மீட்டர் நீளத்தில் 25 பெட்டி, 750 கிலோ. அது உட்காரும் இடம் ஒரு மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலம்தான். ஒரே அடுக்கிலேயே சதுர மீட்டருக்கு 1,250 கிலோ, இரண்டு அடுக்கு போட்டால் 2,500. அறை நடுவில் 83 பெட்டியைக் குவிப்பது தளத்துக்குச் செய்யும் கொடுமை. பீம் போகும் கோட்டிலும் சுவரோரத்திலும் ஒரே அடுக்காக, அறைக்கு அறை பிரித்து, அந்தந்த அறைக்குரியதை அங்கேயே நிறுத்துங்கள். தாங்கும் தூண் இல்லாமல் வெளியே நீட்டிய பால்கனியில் ஒரு பெட்டிகூட வைக்கவேண்டாம். கான்கிரீட் போட்டு 28 நாள் ஆகாத தளத்திலும், முட்டு பிரிக்காத தளத்திலும் சரக்கே ஏறக்கூடாது. அதுவரை கடையில் பேட்ச் எண் எழுதி ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள்.